அங்கப்பன் ஃபில்டர் கழற்றும் நாள்

இது நான் நேரில் பார்த்தது அல்ல. கோயம்புத்தூரில் கணபதி பகுதிக்கு அந்தப் பக்கம், லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு வீதியில் பேக்கரி வைத்திருக்கும் மலையாளி சசீந்திரன் எனக்குச் சொன்னது. அதிலும் முக்கியமான மூன்று மணி நேரம் அவர் வீதியிலேயே இல்லை, அந்தப் பகுதியை அவரும் கேட்டுத்தான் சொன்னார். ஆகவே கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறேன், என் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.

அந்த வீதியில் எல்லோரும் உட்கார்ந்து பழக்கமில்லாதவர்கள். காலை ஏழு மணிக்கு லேத்துகள் சுற்ற ஆரம்பித்தால் இரும்புச் சுருள் விழுந்துகொண்டே இருக்கும், டீயைக்கூட மிஷினை விட்டு நகராமல் இடது கையில் பிடித்துக் குடிப்பார்கள், கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்து வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீதியின் நடுவில் அங்கப்பன் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அவர்தான் அந்தப் பக்கத்தில் முதன்முதலில் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளின் அடியில் படுத்தவர். இந்த கியர்பாக்ஸுக்கு ஆயுசு முழுக்க எதுவும் செய்ய வேண்டாம், ஆயிலைத் தொடவே கூடாது என்று விற்றவர்கள் சொல்லியிருக்க, அங்கப்பன் மட்டும், "சோறு திங்கற எதுவும் பல்லு வெளக்கியாகணுமுங்க" என்று சொல்லி, அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டரை எடுத்து, வேறு மாட்டிக் கொடுப்பார்.

முதலில் வந்தது ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜரின் வண்டி. அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. பதினெட்டு போல்ட்டையும் கழற்றி, செக்கச்சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வடிந்து முடிய, தட்டை இறக்கி, அதில் ஒட்டியிருந்த காந்தத்தின் இரும்பு மாவைத் துடைத்துவிட்டு, அடை மாதிரித் தட்டையாக இருந்த ஃபில்டரை அங்கப்பன் இழுத்ததும் அதிலிருந்து ஓய்வு வெளியே வந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கணுக்கால் உயரத்துக்குத் தரையோடு பரவி, வீதியின் இறக்கத்தில் பேக்கரியைப் பார்த்து வழிந்து போனது. பட்டறை வாசலில் நின்ற நாய் முதலில் படுத்தது. அப்புறம் பட்டறை முதலாளி நாச்சிமுத்துவின் லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன, ஆட்கள் அந்தந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து காலை நீட்டினார்கள், சசீந்திரன் டீ ஆற்றிக்கொண்டிருந்த இரண்டு குவளைகளையும் வைத்துவிட்டு பன் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் அந்த வீதியில் ஒரு சத்தமில்லை. எழுந்தபோது எல்லோருக்கும் பத்து நாள் லீவில் போய் வந்தது போல இருந்தது. மதியம் சாப்பிட்ட மொச்சைக் குழம்புதான் காரணம் என்று பேசிக்கொண்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

மூன்றாவது வண்டிக்குத்தான் குழம்பு காரணமில்லை என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் சுகந்தாமணி. எதிர்ப்பக்கம் ஒற்றை அறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவள், முப்பத்தாறு வயது, இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் செயலில்லாமல் போய் இரும்புக் காலிப்பர் மாட்டி நடப்பவள்.

"ஏனுங்கண்ணா, கிளச்சு இல்லாத வண்டியில எடது காலு என்ன பண்ணும்?" என்று அங்கப்பனிடம் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாது. சும்மா கெடக்கும்."

"அறுவதாயிரம் கிலோமீட்டரு சும்மா கெடந்தா, அந்தச் சும்மா எங்கயாச்சும் போய்ச் சேந்துதான ஆகணும்? ஃபில்டர்ல அடைச்சுக்குது. நீங்க புடுங்கி விடறீங்க, எல்லாருக்கும் எடது காலு வழியா ஏறுது."

அங்கப்பன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப இத்தன ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தோணும்னு நாஞ் சொல்றது சரிதான்" என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அதன்பின் வீதி செய்ததெல்லாம் ஒழுங்கு செய்ததுதான். ஃபில்டர் கழற்றும் நாளும் நேரமும் பேக்கரி வாசலில் சிலேட்டில் எழுதி மாட்டப்பட்டன. அதற்குக் கால் மணி நேரம் முன்பே லேத்துகளை நிறுத்த வேண்டும், அடுப்பை அணைக்க வேண்டும், வண்டி ஓட்டுகிறவர்கள் வீதி முனையிலேயே ஸ்டேண்ட் போட வேண்டும். மேட்டுப்பக்கத்து வீடுகள், இறக்கத்தில் இருப்பவர்களுக்கே எல்லாம் போகிறது என்று சண்டைக்கு வந்ததால், மாதம் ஒருமுறை காரைத் திருப்பி நிறுத்தி, நடுவே மணல் மூட்டை போட்டு மேட்டுப் பக்கம் தேக்கினார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் பாயோடு வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் வரக் கூடாது என்று அவர்களுடைய அம்மாக்கள் முனையிலேயே நின்று தடுத்தார்கள். எந்த வண்டியில் எப்படிப்பட்ட ஓய்வு என்பதிலும் வீதிக்கு ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. கால் டாக்ஸி ஓய்வு நீர்த்த மோர் மாதிரி, டாக்டர் வண்டி ஓய்வில் நடுநடுவே திடுக்கென்று விழிப்பு வரும், கல்லூரி வாத்தியார் வண்டி என்றால் கெட்டித் தயிர்.

வேண்டாம் என்பவர்களுக்கும் வழியிருந்தது. இடது காலைத் தரையில் ஊன்றாமல் இருந்தால் ஏறாது. அங்கப்பன் வேலையை முடித்தாக வேண்டியவர் என்பதால், படுத்தபடியே இடது காலை ஒரு முக்காலியின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் போல்ட் கழற்றுவார். நாச்சிமுத்துவுக்கு எப்போதும் அவசர ஆர்டர். அவர் தன் பட்டறை வாசலில் வலது காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு, தூங்கும் தன் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே இருப்பார், யாரும் கேட்க மாட்டார்கள்.

சுகந்தாமணிக்கு ஓய்வு ஏறவே இல்லை. இடது கால்தான் எப்போதும் சும்மா கிடப்பதாயிற்றே. அத்தனை பேரும் சாய்ந்து கிடக்க, அவள் மட்டும் காயில் சுற்றிக்கொண்டு, அணைக்க மறந்த அடுப்பை எழுந்து போய் அணைத்து, அழுகிற குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். எழுந்தவர்கள் சங்கடப்பட்டால், "எனக்கென்னுங், ஊருக்கு ஒரு வாட்ச்மேன் வேணுமல்ல" என்று சிரிப்பாள். சசீந்திரன் இதைச் சொல்லும்போது, அந்தச் சிரிப்பு கொஞ்சம் முன்னாலேயே எடுத்து வைத்த சிரிப்பு மாதிரி இருக்கும் என்றார்.

ஆனால் அவளிடம் ஒரு கார் இருந்தது. இடது காலுக்கு வேலையில்லாத வண்டி என்பதால் அவளுக்கு ஓட்ட லைசென்ஸ் கிடைத்தது, நாலு வருஷத்துக்கு முன் ஒரு பழைய சின்ன ஆட்டோமேட்டிக் வாங்கினாள். அதற்கு முன் அவள் எங்கே போவதென்றாலும் யாராவது கூட்டிப்போக வேண்டும். அண்ணன் வண்டி, சித்தப்பா வண்டி, ஆட்டோ என்று ஒவ்வொரு வாசலிலும், "எங்க போகோணும், எதுக்குப் போகோணும், நாளைக்குப் போனா ஆவாதா?" என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப முடியும். கார் வந்த பிறகு அந்தக் கேள்விகளை யாராவது கேட்டால், "போயிட்டு வந்து சொல்றேன்" என்பாள். சுற்றிய மோட்டார்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எதற்கும் இல்லாமல் சும்மாவே போனாள்.

அந்த வண்டிதான் இப்போது மக்கர் செய்தது. கியரை முன்னால் போகிற டி-யில் போட்டால் என்ஜின் கத்தும், வண்டி நிற்கும், இரண்டு மூச்சு விட்டு ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பும். மேம்பாலம் ஏறும்போது நடுவில் வழுக்கியதில் ஒருநாள் பின்னால் வந்த லாரிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். பெரிய சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், அதற்கு ஆகிற செலவுக்கு இந்த வண்டியை விட்டுவிடலாம் என்றார்கள்.

"விட்டுட்டு?" என்று அங்கப்பனிடம் வந்து கேட்டாள். "திருப்பியும் அண்ணன் வாசல்ல போய் நிக்கறதுங்களா?"

"ஃபில்டரு அடைச்சிருந்தாலும் இப்பிடித்தான் வழுக்கும் அம்மிணி. மாத்திப் பாக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், கியர்பாக்ஸ் உள்ளயே தேஞ்சிருந்துதுன்னா, புது ஆயிலு ஊத்தினதும் இப்ப நகர்றதுகூட நகராமப் போயிரும். அதுக்கு நாஞ் சாமி கெடையாது."

"மாத்துங்கண்ணா. நகராட்டி நகரலைனு தெரிஞ்சுக்கறேன்."

சிலேட்டில் எழுதினார்கள்: புதன்கிழமை, பகல் இரண்டு மணி, சுகந்தாமணி வண்டி.

அதைப் பார்த்ததும் வீதிக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. அவள் வாங்கிய புதிதில் அங்கப்பன் ஒருமுறை திறந்து ஃபில்டரைக் கழுவி மாட்டியபோது வந்தது பழைய ஓனரின் ஓய்வு. இந்த நாலு வருஷமும் ஓட்டியது இவள். இவளுடைய இடது கால் காருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரிதான். அதிலிருந்து என்ன சேர்ந்திருக்கும்?

"ஒண்ணும் வராது" என்றார் நாச்சிமுத்து, பேக்கரியில் பஃப்ஸைப் பிய்த்தபடி. "நா லேத்த நிறுத்த மாட்டன்."

"மெதுவாப் பறயுங்க, அந்தக் குட்டி அங்கதான் உண்டு" என்றார் சசீந்திரன்.

"கேக்கட்டும் சேட்டா, பொய்யா சொல்றேன்?"

சுகந்தாமணிக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல், "லேத்த நிறுத்திப் போடுங்க மொதலாளி, ஒண்ணும் வரலீன்னா அந்த அர மணி நேரத்துக்கு நாவேணா வந்து ஓட்டறேன்" என்றாள். பேக்கரியே சிரித்தது. ஆனால் அன்று மாலை அவள் அங்கப்பனிடம் போய், வீதி கூடாத நேரமாகப் பார்த்துக் கழற்ற முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டாளாம். சிலேட்டில் எழுதியதை அழித்தால் அதைவிட அதிகம் பேசுவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை எல்லோரும் வந்தார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்து பாய் விரித்தார்கள், ஒன்றும் வராவிட்டாலும் வந்தது மாதிரி அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருப்பது என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். நாச்சிமுத்துகூட லேத்தை நிறுத்திவிட்டார், ஆனால் பழக்கம் விடாமல் வாசலில் வலது காலில் நின்றுகொண்டார். அவளுடைய கார், அடியில் இறங்கி வேலை பார்க்க ஒர்க்‌ஷாப்பில் வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் நின்றது. பள்ளத்தின் உள்ளே ஒரு பலகையில் சாய்ந்து, இடது காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, அங்கப்பன் பதினெட்டு போல்ட்டையும் கழற்றினார். ஆயில் வடிந்தது. தட்டு இறங்கியது. சுகந்தாமணி பள்ளத்தின் விளிம்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் காலிப்பரின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஃபில்டர் வந்தது. எதுவும் நடக்கவில்லை. பெண்கள் பேசிவைத்தபடி கண்ணை மூடினார்கள்.

அப்புறம் நாச்சிமுத்து நடக்க ஆரம்பித்தார்.

அவருடைய வலது கால் ஒரு தப்படி வைத்தது, இடது கால் அதைப் பிடிக்க ஓடியது, கையில் இருந்த அளவுகோலைக்கூடக் கீழே வைக்காமல் அவர் வீதி முனையைப் பார்த்துப் போனார். "எங்க போறீங்க மொதலாளி?" என்று ஒருவன் கேட்டான். "போயிட்டு வந்து சொல்றேன்" என்றார் நாச்சிமுத்து, அதைச் சொன்னதில் அவருக்கே அவ்வளவு சந்தோஷம். கேட்டவனும் எழுந்தான். ஏனென்றால் இந்த முறை வந்தது வலது கால் வழியாக ஏறியது. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் மிதித்து, முப்பத்திரண்டு வருஷம் வாசலில் காத்திருந்ததையெல்லாம் நாலு வருஷத்தில் ஓட்டித் தீர்த்த ஒரு வலது காலின் ஆசை அது, எங்கேயாவது போக வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு எண்ணம் கிடையாது. பாய்கள் விரித்தபடி கிடக்க, கைக்குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் எழுந்தார்கள், லேத் ஆட்கள் எண்ணெய்க் கையோடு எழுந்தார்கள், சசீந்திரன் கல்லாவைப் பூட்டாமல் எழுந்தார், பரீட்சைப் பிள்ளைகளைத் தடுக்க முனையில் நின்ற அம்மாக்கள் முன்னால் நடந்தார்கள். பள்ளத்திலிருந்து அங்கப்பன் ஏறி வந்தார், பழைய ஃபில்டர் கையிலேயே இருந்தது.

"அண்ணா! வண்டி தொறந்து கெடக்குது!" என்று சுகந்தாமணி கத்தினாள்.

"இப்ப வந்தர்றேன் கண்ணு" என்றார் அங்கப்பன், கால்கள் அதற்குள் அவரை வாசலுக்குக் கொண்டுபோயிருந்தன. "தூசி மட்டும் உள்ள போகாமப் பாத்துக்க."

முனையில் டவுன் பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். பஸ் போன பிறகு வீதியில் அவள் மட்டும் இருந்தாள்.

இனிமேல் சொல்வது, அவள் சசீந்திரனிடம் சொன்னது.

அவளுக்கு எங்கும் போக வேண்டும் என்று தோன்றவில்லை, அது அவளிடமிருந்து வந்ததுதானே. லேத்தும் ஓடாமல், ஒரு குறட்டையோ நாச்சிமுத்துவின் கூப்பாடோகூட இல்லாமல் அந்த வீதி கிடந்து, பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததில்லை. பார்த்துக்கொள்ள ஒரு குழந்தையில்லை, அணைக்க ஓர் அடுப்பில்லை. காலிப்பரின் வாரைத் தளர்த்தி, விரித்துக் கிடந்த பாய்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்துப் படுத்து, வேப்பமரத்தின் இலைகளை எண்ண ஆரம்பித்து, எங்கே விட்டோம் என்று தெரியாமல் தூங்கிப்போனாள்.

எழுந்தபோது காற்று வீசிக்கொண்டிருந்தது. தூசி என்ற ஞாபகம் வந்ததும் வாரை இறுக்கிக்கொண்டு, துவைத்த தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டு, பள்ளத்தின் ஐந்து படிகளிலும் பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். துண்டைக் கட்டத்தான் நிமிர்ந்தாள். நாலு வருஷம் தன்னைச் சுமந்த பெட்டியின் வயிற்றை அப்போதுதான் பார்த்தாள். ஃபில்டரின் கழுத்து நுழைகிற ஓட்டையில் ஒரு ரப்பர் ரிங் ஒட்டிக்கொண்டிருந்தது. காயில் சுற்றுகிற கண்ணுக்கு ஒரு நூல் வித்தியாசம் தெரியும். அது ஒரு ரிங்கின் தடிமன் இல்லை.

ஸ்க்ரூ டிரைவர் பக்கத்திலேயே கிடந்தது. அதை அவள் தொடவில்லை, இரும்பால் நெம்பினால் ஓட்டையின் சுவரில் கீறல் விழும். காயில் கம்பியை மோட்டாரின் இடுக்குகளில் அழுத்திவிட அவள் வைத்திருக்கும் மூங்கில் குச்சி எப்போதும் போலக் கொண்டையில் செருகியிருந்தது. அதை எடுத்து, ஓரத்தில் மெல்ல நுழைத்து, சுற்றி வர நெகிழ்த்தி இழுத்தாள். ஒரு ரிங் வந்தது. அதன் மேலே நசுங்கி, காய்ந்து, இன்னொன்று இருந்தது. அதுவும் வந்தது. புது ஃபில்டரின் ரிங்கில் புது ஆயிலைத் தொட்டுத் தடவி, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். கழுத்து முழுதாக உள்ளே போய் உட்கார்ந்தது. அதன்பின் துண்டைக் கட்டிவிட்டு, பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தேகாலுக்குப் பஸ் திரும்பி வந்தது. எல்லோருடைய கையிலும் ஏதாவது இருந்தது, நெல்லிக்காய், மூங்கில் இலை, மயில் இறகு. நாச்சிமுத்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டி முழங்கால் வரை நனைந்து, "ஓடை! அங்க ஓடை ஓடுது, ஒருத்தனும் சொல்லவே இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டார்.

அங்கப்பன் பள்ளத்தில் எட்டிப் பார்த்தார். அவள் உள்ளங்கையில் இரண்டு ரிங்கையும் வைத்து நீட்டினாள்.

"பழைய ரிங்க எடுக்காமயே ஆரோ புது ரிங்கு போட்டு மாட்டியிருக்காங்க" என்றார் அவர். "அதான் கழுத்து சரியா உக்காரல, ரிங்கு காய்ஞ்சதும் காத்தை இழுத்திருக்குது. எந்த மடப்பய பண்ணின வேலையோ."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. ஃபில்டரைக் கழுவி மாட்டி ரிங்கை மட்டும் புதிதாகப் போடுகிற சிக்கனம் அந்த வீதியில் ஒருவருக்குத்தான் இருந்தது.

"அந்த மடப்பயலுக்கு நாலு வருஷம் முன்னாடி டீ வாங்கிக் குடுத்தனுங்ண்ணா" என்றாள் சுகந்தாமணி.

அங்கப்பன் இரண்டு ரிங்கையும் வாங்கி, வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி, "நாந்தான். நாந்தான் பண்ணினன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். பேக்கிங் வைத்து, தட்டை மாட்டி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாக இறுக்கி, சிவப்பு ஆயிலை ஊற்றி, என்ஜினைச் சூடாகவிட்டு அளவு பார்த்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, டி-யில் போட்டாள். என்ஜின் கத்தவில்லை. பிரேக்கை விட்டாள். வண்டி தண்ணீரில் விட்ட காகிதக் கப்பல் மாதிரி நகர்ந்தது.

"எங்க அம்மிணி போற?" என்று நாச்சிமுத்து ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தார்.

அவள் அவரைப் பார்த்து, "மேம்பாலத்துக்கு. வாங்க, மொதலாளி, ஏறுங்க" என்றாள். அவர் ஏறிக்கொண்டார். பாலத்தில் இரண்டு முறை ஏறி இறங்கினார்கள், ஒருமுறைகூட வழுக்கவில்லை. மூன்றாவது முறை நாச்சிமுத்து கேட்டதற்காக ஏறினார்களாம்.

இதில் என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றுதான். அந்த பஸ்ஸின் கண்டக்டர் அன்றைய டிரிப் ஷீட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். புதன்கிழமை இரண்டு இருபது டிரிப்பில், சாதாரணமாக மூன்று பேர் ஏறுகிற அந்த நிறுத்தத்தில், நாற்பத்தொரு சீட்டு கிழிக்கப்பட்டிருக்கிறது. பத்தொன்பது மகளிர் இலவசச் சீட்டு, மீதி சாதாரணம். போகும் இடம் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது: கடைசி நிறுத்தம்.